காம்பின் வழியே வரும் குருதி



இவ்வறக்கட்டளைச் சொற்பொழிவு மருத்துவரல்லாதாருக்கும் விளங்கும்படி தமிழிலேயே அமைய வேண்டும் என்பது இதனை நிறுவியவர் விதித்த நிபந்தனை என்று அறிந்தபோது, பெற்றோர் வெளியில் சொல்லக் கூசுவதும், சுற்றத்தாரிடம் மறைப்பதும், அந்தக் கூச்சத்தாலேயே காலம் கடந்து சிகிச்சைக்குக் கொண்டு வருவதுமான ஒரு பிறவிக் குறையைப் பற்றியே இன்று பேசுவது தக்கது என்று எனக்குத் தோன்றிற்று. அதிலும் அக்குறையைச் சீர்ப்படுத்தும் அறுவையில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு எடுத்துச் செல்லப்படும் மெல்லிய திசுக்கள் எவ்வாறு உயிர் வாழ்கின்றன, அவற்றுக்குக் குருதி எவ்வழியே வருகிறது என்னும் ஒரே விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன்.

ஹைபோஸ்பேடியாஸ் என்று நாங்கள் வழங்கும் இக்குறையில், ஆண் குழந்தையின் சிறுநீர்த் துவாரம் குறியின் நுனியில் அமையாமல், அதன் அடிப்புறத்தில், மொட்டுக்குச் சற்றுக் கீழேயோ, தண்டின் நடுவிலோ, கடுமையான நிலைகளில் விரைப்பையை ஒட்டியோ அமைந்துவிடுகிறது. ஏறத்தாழ 200 முதல் 300 ஆண் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கில் காணப்படும் இது அபூர்வமான நோயன்று; கிரகண காலத்தில் தாய் செய்த ஏதோ ஒன்றால் வந்த தோஷமும் அன்று. கருவில் மூன்றாம் மாதத்தையொட்டிய வாரங்களில், சிறுநீர்வழியின் இரு பக்க மடிப்புகளும் ஒன்றுகூடிக் குழாயாக மூட வேண்டிய வேலை இடையில் நின்றுவிடுவதால் ஏற்படுவது. அதோடு பெரும்பாலும் தண்டு கீழ்நோக்கி வளைந்திருக்கும். முன்தோல் அடிப்புறத்தில் இல்லாமல் மேற்புறத்தில் மட்டும் ஒரு முக்காட்டைப்போல் குவிந்திருக்கும். அடிப்புறத்தில் தேவையான திசு இல்லை, மேற்புறத்தில் தேவைக்கு மிஞ்சிய திசு இருக்கிறது என்ற இந்த ஒரு வாக்கியத்திலேயே கடந்த நூறாண்டு அறுவை முயற்சிகளின் சாரம் அடங்கியிருக்கிறது. மிஞ்சியதை எடுத்துக் குறைந்த இடத்தில் வைப்பது எளிதுதான். வைத்தது பத்து நாள் கழித்தும் உயிரோடு இருக்கச் செய்வதுதான் கடினம்.

அக்கடினத்தை உணர வேண்டுமானால், அவ்வுறுப்புக்குக் குருதி வரும் இரு வழிகளை முதலில் அறிய வேண்டும். தண்டின் உட்பகுதிக்கும் மொட்டுக்கும் வேண்டிய குருதி இடுப்புக் கூட்டின் ஆழத்திலிருந்து உட்புற புடெண்டல் தமனியின் கிளைகளாக வருகிறது. தோலுக்கும் முன்தோலுக்கும் வரும் குருதியோ முற்றிலும் வேறு திசையிலிருந்து, தொடையின் பெருந்தமனியில் கிளைத்து, வெளிப்புற புடெண்டல் தமனிகள் என்ற பெயருடன் குறியின் அடிப்பகுதியில் இரு பக்கமும் நுழைந்து, தோலுக்கு அடியில் டார்ட்டாஸ் என்று சொல்லப்படும் தளர்ந்த படலத்தினூடே நீளவாக்கில் ஓடுகிறது. ஓடும் வழியெல்லாம் நுண்கிளைகளை மேல்நோக்கி அனுப்பித் தோலின் அடியில் ஒரு தந்துகிப் பின்னலை உண்டாக்குகிறது. கானா நாட்டின் சிறுநீரியல் அறுவை நிபுணர் குவார்ட்டே இந்தத் தோல் நாளங்களின் போக்கைக் கூர்ந்து ஆராய்ந்து, அவற்றைத் துணையாகக் கொண்டு தோல் மடலால் சிறுநீர்வழியைச் செப்பனிடும் முறையை 1983இல் வெளியிட்டார். தோலும் படலமும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பினும், நாளங்கள் படலத்தில் ஓடுகின்றன, தோல் அவற்றால் வாழ்கிறது என்ற வேறுபாட்டை மாணவர்கள் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். நான் மேலே சொல்லப்போகும் யாவும் அதை அடிப்படையாகக் கொண்டவையே.

இக்குறையுள்ள குழந்தைகளின் முன்தோலில் நாளங்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. பெல்கிரேடு நகரத்துப் பெரோவிச்சும் அவர் துணைவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாக்கிற்று. ஒரு குழந்தைக்கு ஒரே தமனி மேலோங்கி ஓடுகிறது. இன்னொரு குழந்தைக்கு இரண்டு தமனிகள் சமபலத்துடன் இறங்குகின்றன. வேறொரு குழந்தைக்கு எந்த நாளமும் பிரதானமாக இல்லாமல் சிறு நாளங்களின் பின்னல் மட்டும் இருக்கிறது. ஆகையால், எல்லாக் குழந்தைகளுக்கும் ஒரே வரைபடத்தின்படி கத்தி வைப்பது தகாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். முன்தோலை இரு விரல்களால் விரித்து, பின்னாலிருந்து வெளிச்சம் படும்படி தூக்கிப் பார்த்தால், அந்தச் செந்நிற இழைகள் எங்கே பிரிகின்றன, எந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். அரை நிமிடம் பிடிக்கும் இந்த வேலையை அவசரத்தில் விட்டுவிடுவோர் உண்டு. விடக்கூடாத வேலை அது.

இடம்பெயர்க்கப்படும் திசு இரு வகைப்படும். குருதி நாளங்களைத் தாங்கி வரும் காம்போடு சேர்த்துத் திருப்பப்படுவது மடல். காம்பை அறவே அறுத்து எடுத்து வேறிடத்தில் பதிக்கப்படுவது ஒட்டு. மடலிலும் இரு தரம் உண்டு: தெரிந்த ஒரு தமனி நீளவாக்கில் உள்ளே ஓடும் மடல் ஒன்று, அப்படி ஒரு தமனி இன்றி, அடிப்பகுதியிலிருந்து தந்துகிப் பின்னல் வழியே கசிந்து வரும் குருதியையே நம்பியிருக்கும் மடல் மற்றொன்று. ஸ்காட்லாந்தின் மக்ரிகரும் அவர் தோழர்களும் 1970களின் தொடக்கத்தில் இவ்வேறுபாட்டை வகுத்துரைத்த பின்னரே, ஒரு மடல் இவ்வளவு அகலமானால் இவ்வளவு நீளந்தான் இருக்கலாம் என்ற பழைய விகிதக் கணக்கு சகல மடல்களுக்கும் பொருந்தாது என்பது தெளிவாயிற்று. வாய்க்கால் நேராக வந்து சேரும் வயலுக்கும், பல வயல்களைத் தாண்டி வடிநீராக வந்து சேரும் கடைமடை வயலுக்கும் உள்ள வேறுபாடுதான் இது. மடலின் நுனியே அதன் கடைமடை. நீர் குறையும் ஆண்டில் முதலில் கருகுவது அதுவே. துரதிர்ஷ்டவசமாக, புதிய சிறுநீர்வழியின் மிக முக்கியமான பகுதியாகிய துவாரம் பெரும்பாலும் மடலின் அந்த நுனியில்தான் அமைகிறது.

இவ்வுண்மையை முழுவதும் உணராமலேயே, ஆயினும் கை அனுபவத்தால் ஓரளவு உணர்ந்து, முன்னோர் செய்த முயற்சிகள் பல. பிரெஞ்சு தேசத்து தியுப்ளே 1874இல் அடிப்புறத் தோலையே சுருட்டிக் குழாயாக்கினார். மத்தியூ 1932இல் துவாரத்துக்குக் கீழுள்ள தோலை ஒரு மடலாகத் தூக்கி, முன்னோக்கித் திருப்பி, மொட்டின்மீது தைத்தார். குறுகிய தூரத்துக்கு இது இன்றும் நல்ல முறையே. ஆனால் தூரம் கூடக்கூட மடலின் நுனி குருதிக்கு ஏங்கத் தொடங்கும். மேற்புறத்து முன்தோலை அடிப்புறத்துக்குக் கொண்டு வருவதில் நம் நாட்டவர் ஒருவரின் பங்கை இங்கே குறிப்பிடுவது என் கடமை. ஆக்ராவின் அசோப்பாவும் அவர் சகாக்களும் 1971இல், முன்தோலின் உட்தோலைக் குழாயாக்கி, அதை வெளித்தோலிலிருந்து பிரிக்காமல் இரண்டையும் சேர்த்தே கீழே திருப்பும் முறையை வெளியிட்டனர். அமெரிக்காவின் பிலடெல்ஃபியாவில் டக்கெட் 1980இல் விவரித்த முறையில் உட்தோல் செவ்வகம் வெளித்தோலிலிருந்து முற்றிலும் பிரிக்கப்பட்டு, டார்ட்டாஸ் காம்பு ஒன்றினால் மட்டும் தொங்கும் ஒரு தீவாக அடிப்புறத்துக்கு வருகிறது. உலகெங்கும் புகழ் பெற்றது பின்னது. எனினும், பிரிக்காத இடத்தில் நாளம் அறுபடுவதில்லை என்ற காரணத்தால் முன்னதன் நிதானம் எனக்கு எப்போதும் மதிப்புக்குரியதாகவே இருந்து வருகிறது.

டக்கெட் முறையில் அந்தத் தீவை எடுப்பது எப்படி என்பதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். குழந்தைக்கு ஓராண்டு வயது என்று வைத்துக்கொள்ளுங்கள்; நீட்டிப் பிடித்தாலும் உறுப்பின் நீளம் சுமார் 4 சென்டிமீட்டர்தான். உருப்பெருக்கிக் கண்ணாடி அணிந்த மருத்துவர், முன்தோலின் ஓரத்தில் மெல்லிய பிடிநூல்களைப் போட்டு விரித்து, உட்தோலில் செவ்வகத்தை வரைகிறார். பிறகு வெளித்தோலுக்கும் அதன் அடியிலுள்ள டார்ட்டாஸ் படலத்துக்கும் இடையே நுண்ணிய கத்திரியின் நுனியால் வழி திறக்கிறார். அங்கே பஞ்சுபோல் தளர்ந்த வெண்ணிற இழைகள் உள்ளன. அவற்றினூடே சரியான தளத்தில் போனால் ஏறக்குறையக் குருதியே கசியாது. தோலின் பக்கம் மயிரிழை அளவு நெருங்கிவிட்டால், வெளித்தோலின் தந்துகிப் பின்னல் உரிந்துபோய் மறுநாள் அத்தோல் நீலம்பாரித்து, பின் கறுத்துவிடும். படலத்தின் பக்கம் அதே அளவு நெருங்கிவிட்டால், தீவுக்கு உயிர் கொடுக்கும் தமனியே கத்திரி வாயில் சிக்கும். ஒரே குருதியைப் பங்கிட்டுக்கொள்ளும் இரு உடன்பிறப்புகளாகிய உட்தோலையும் வெளித்தோலையும் பிரிக்கும் இந்த இடத்தில், இரண்டில் ஒன்றுக்கு மிகுதியாகக் கொடுத்தால் மற்றொன்று பட்டினி கிடக்கும். கற்றுக்கொள்ளும் மாணவர் இவ்விடத்தில் வேகத்தைக் காட்டக் கூடாது. காம்பைக் குறியின் அடிவரை தளர்த்தி முடிக்கும் மட்டும் பொறுமையாகவே போக வேண்டும்.

அடிவரை தளர்த்துவது எதற்கென்றால், திருப்பும்போது காம்பு இழுபடாமலும் முறுக்கப்படாமலும் இருக்க வேண்டும் என்பதற்காக. பௌதிக சாஸ்திரத்தில் புவாசேயின் விதி என்று ஒன்று உண்டு: ஒரு குழாயினூடே செல்லும் திரவத்தின் அளவு, மற்றவை மாறாதிருக்க, குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. அதாவது ஆரம் பாதியாகக் குறைந்தால் ஓட்டம் பாதியாகக் குறைவதில்லை. 16இல் ஒரு பங்காகிவிடுகிறது. காம்பை இழுத்துத் தைப்பதால் நாளம் சிறிதளவே ஒடுங்கினாலும் நேரும் நஷ்டம் பெரிது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டியதில்லை. தமனியைவிட முதலில் நசுங்குவது சிரை. அதனுள் அழுத்தம் குறைவாதலால் மேலே போட்ட கட்டு இறுகினாலும், உள்ளே இரத்தம் கட்டி வீங்கினாலும் அது வாய் மூடிக்கொள்ளும். குருதி வராத திசு வெளிறிக் குளிர்ந்திருக்கும்; வந்த குருதி வெளியேற வழியில்லாத திசு கருநீலமாய் வீங்கி நிற்கும். செவிலியர் இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றிருந்தால், இரவு இரண்டு மணிக்குக் கட்டைத் தளர்த்தியே ஒரு மடலைக் காப்பாற்றிவிடலாம். காம்பு ஒரு பக்கமாக இழுத்தால் உறுப்பே அந்தப் பக்கம் திரும்பி நிற்பதும் உண்டு. குருதியோட்டத்துக்கு ஆகாத இழுப்பு தோற்றத்துக்கும் ஆகாது.

இவ்வளவு நுட்பமும் தேவைப்படும் மடலைத் தவிர்க்க வழி உண்டா என்று கேட்டவர்கள், அடிப்புறத்திலேயே கிடந்த ஒரு செல்வத்தைக் கண்டெடுத்தார்கள். துவாரத்திலிருந்து மொட்டுவரை, மூடாமல் விரிந்து கிடக்கும் சிறுநீர்வழியின் பட்டை ஒன்று அக்குழந்தைகளுக்கு உண்டு. முன்பெல்லாம் அதுவே வளைவுக்குக் காரணமான தழும்பு என்று எண்ணி வெட்டி எறிந்தார்கள். பாஸ்கினும் அவரைச் சார்ந்தோரும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அப்பட்டையின் அடியில் தழும்பைக் காணவில்லை; நாளங்களும் நரம்புகளும் செறிந்த நல்ல திசுவையே கண்டார்கள். ஸ்னாட்கிராஸ் 1994இல் விவரித்த முறை, பட்டையின் நடுவே நீளவாக்கில் ஒரு கீறல் இட்டு, அதனால் அகலம் பெற்ற பட்டையை அங்கேயே குழாயாகச் சுருட்டித் தைப்பது. திசு தன் இருப்பிடத்தை விட்டு நகர்வதில்லை. ஆகவே அதன் குருதி அடிப்பக்கத்திலிருந்து முன்போலவே வந்துகொண்டிருக்கிறது. மொட்டுக்கு அருகில் துவாரம் உள்ள பெரும்பான்மைக் குழந்தைகளுக்கு இம்முறை இன்று உலகெங்கும் வழக்கமாகிவிட்டதன் ரகசியம், என் கருத்தில், அதன் எளிமையைவிட இதில்தான் இருக்கிறது. ஆனால் பட்டை குறுகியும் விறைத்தும் இருக்கும்போது கீறலை ஆழமாக்கி வலிந்து சுருட்டினால், சுருட்டிய குழாயின் விளிம்புகள் இழுவிசையால் வெளிறும்; அத்தகைய குழந்தைக்கு இம்முறை உகந்ததன்று.

பட்டையும் உதவாது, வளைவும் கடுமையானது என்னும் நிலையில் ஒட்டு துணைக்கு வருகிறது. காம்பில்லாத ஒரு துண்டு திசு பதிக்கப்பட்ட படுக்கையிலிருந்து முதல் 48 மணி நேரம் கசிநீரை உறிஞ்சியே பிழைக்கிறது. அதன் பிறகு அதன் நாளமுனைகளும் படுக்கையின் நாளமுனைகளும் வாயோடு வாய் சேரத் தொடங்குகின்றன. நான்காம் ஐந்தாம் நாளளவில் குருதி ஓடத் தொடங்குகிறது. இந்த நாட்களில் ஒட்டு படுக்கையின்மேல் சிறிதும் நழுவக் கூடாது, அடியில் குருதி தேங்கக் கூடாது. ஆகையால்தான் அதை இடையிடையே படுக்கையோடு சேர்த்துத் தைத்து, மேலே அழுந்தக் கட்டி வைக்கிறோம். இங்கிலாந்தின் பிராக்கா 1995இல் விரித்துரைத்த இரு கட்ட முறையில், முதல் அறுவையில் ஒட்டைத் தட்டையாகப் பதித்து, குறைந்தது ஆறு மாதம் காத்திருந்து, அது மிருதுவாகித் தனக்கென்று நாளங்களை உறுதிப்படுத்திக்கொண்ட பின்னரே இரண்டாம் அறுவையில் குழாயாகச் சுருட்டுகிறார்கள். உட்தோல் கிடைக்காதபோது கன்னத்தின் உட்புறச் சவ்வு அதற்கு மிகவும் ஏற்றது. மேற்படலம் தடித்து, அடிப்படலம் மெல்லியதாய் நாளங்கள் நிறைந்ததாய் இருப்பதால் புதிய குருதியை விரைந்து ஏற்றுக்கொள்ளும் அச்சவ்வை 1941இலேயே ஹம்பி பயன்படுத்தினார் என்றாலும், 1990களில்தான் அது பரவலாயிற்று. எல்லாவற்றையும் ஒரே அமர்வில் முடித்துவிட வேண்டும் என்ற அவா பெற்றோருக்கு இருப்பது இயல்பு. மருத்துவருக்கு இருப்பது ஆபத்து. கடுமையான நிலைகளில் இரு கட்டமே குழந்தைக்கு நன்மை என்று நான் தயக்கமின்றிச் சொல்வேன்.

குழாயை அமைத்துவிட்டால் மட்டும் போதாது. குழாயின் தையலும் மேல்தோலின் தையலும் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்தால், ஒரு சிறு இடத்தில் திசு நலிந்தாலும் சிறுநீர் வெளியே கசியும் ஓட்டை உண்டாகிவிடும். இரண்டுக்கும் இடையே தன் குருதியோடு கூடிய ஒரு படலம் வேண்டும். மேற்புறத்து டார்ட்டாஸைக் காம்போடு எடுத்து, அதன் நடுவில் ஒரு துளையிட்டு மொட்டை அதனூடே நுழைத்துக் கீழே கொண்டு வருவது பெரும்பாலோர் செய்வது. ஏற்கெனவே பலமுறை அறுவைக்குள்ளான குழந்தைகளுக்கு அப்படலம் எஞ்சியிருப்பதில்லை. அப்போது விரையைச் சூழ்ந்துள்ள உறையில் ஒரு பகுதியை, விரை நாண் வழியே வரும் நாளங்களோடு சேர்த்து மேலே கொண்டு வருகிறோம். 1986இல் ஸ்னோ எடுத்துரைத்த இந்த யுக்தியின் மேன்மை, முந்தைய அறுவைகள் தொடாத ஒரு புதிய மூலத்திலிருந்து குருதியைக் கொண்டு வருவதில் இருக்கிறது.

அறுவை அறையின் சிறு வழக்கங்கள் சிலவற்றையும் சொல்ல வேண்டும். குருதிக்கசிவை நிறுத்த மின்சூட்டைப் பயன்படுத்தும்போது, மின்னோட்டம் இடுக்கியின் இரு முனைகளுக்கிடையே மட்டும் பாயும் வகையையே கையாள வேண்டும். மற்ற வகையில் மின்சாரம் உறுப்பின் குறுகிய அடிவழியாக உடலுக்குள் போவதால், நாம் காக்க விரும்பும் நாளங்களே வெந்துபோகக்கூடும். அடியில் இறுக்குப் பட்டை கட்டி வேலை செய்பவர், தைத்து மூடுமுன் அதை அவிழ்த்து, விளிம்புகளில் செங்குருதி துளிர்க்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அறுவைக்கு முன் டெஸ்டோஸ்டிரோன் கொடுப்பதால் உறுப்பு வளர்வதும் நாளங்கள் பெருகுவதும் உண்மை. ஆயினும் புண் ஆறுவதற்கு அது நன்மையா தீமையா என்பதில் அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை.

மருத்துவரல்லாத அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். முன்தோலே இந்த அறுவையின் மூலதனம். சுன்னத் செய்யும் வழக்கமுள்ள குடும்பங்களில் இத்தகைய குழந்தை பிறந்தால், தயவுசெய்து அச்சடங்கை ஒத்திவைத்து, முதலில் குழந்தை அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். சீரமைப்பு முடியும்போதே முன்தோலும் நீங்கிவிடக்கூடுமாதலால் சடங்கின் நோக்கமும் அதனோடு நிறைவேறிவிடும். வெட்டி எறிந்த பின் வந்தால், எளிதாக முடிந்திருக்க வேண்டிய காரியத்துக்கு வாயிலிருந்து சவ்வை எடுக்க நேரிடுகிறது. வயதும் முக்கியம்: 6 மாதம் முதல் 18 மாதத்துக்குள் செய்துவிட்டால் குழந்தைக்கு அதன் நினைவே இராது.

எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில குழந்தைகளுக்கு ஓட்டை விழத்தான் செய்கிறது. மூன்று வாரத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் தாய், "இந்தச் சின்ன ஓட்டையை இன்னைக்கே ரெண்டு தையல் போட்டு மூடிடுங்க டாக்டர்" என்று கண்ணீரோடு கேட்பார். அவருக்குப் பொறுமையாக விளக்க வேண்டியது நம் கடமை. அவ்விடத்துத் திசுக்கள் இப்போது வீங்கிச் சிவந்திருக்கின்றன. அறுபட்ட பழைய நாளங்களுக்குப் பதிலாகப் புதியவை இன்னும் உறுதிப்படவில்லை. இந்நிலையில் போடும் தையல் அறுத்துக்கொண்டு, ஓட்டை முன்னிலும் பெரிதாகிவிடும். வெகு சிறிய ஓட்டை சில வேளை தானே மூடிக்கொள்வதும் உண்டு. ஆகவே ஆறு மாதம் பொறுத்து வரச் சொல்கிறோம். வந்ததும், தழும்பின் விறைப்புத் தளர்ந்திருக்கிறதா, சுற்றியுள்ள தோலை இரு விரலால் கிள்ளித் தூக்க முடிகிறதா, அழுத்தி விட்டால் வெளிறிய நிறம் இரண்டு மூன்று வினாடிக்குள் திரும்புகிறதா, அடுத்த படலத்தை எந்தப் பக்கத்திலிருந்து எடுக்கலாம் என்றெல்லாம் பார்த்து, அதன் பிறகே அடுத்த அறுவைக்கு நாள் குறிக்கிறோம்.